சிங்கப்பூர் சைக்கிளும் ஒரு பவுடர் டப்பாவும்

டிஸ்கி: இது பாதி கொசுவத்தி, பாதி பட்டறை. சைக்கிள் பிடிக்காதவங்க நடுவுல வர்ற அளவுக் கணக்கைத் தாண்டிக் குதிச்சுக்கலாம். ஆனா கடைசி வரைக்கும் வந்துருங்க. 27 வருசமா வீட்ல யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை இதுல சொல்லியிருக்கேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கொடுமுடி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவோட பழைய பித்தளை அண்டாவை எறக்கோணும்னு தம்பி பொண்ணை சாளை அட்டாலியில ஏத்தி விட்டோம். ஏறுன புள்ள அண்டாவை மறந்துட்டு மேல இருந்து கத்துறா.

"பெரீப்பா! இங்க ஒரு சைக்கிள் கெடக்குது! கியரெல்லாம் வெச்ச சைக்கிளு! யாருதுங் பெரீப்பா?"

நான் தம்பியைப் பாத்தேன். அவன் என்னைப் பாக்கல. அம்மாதான் கீழ இருந்தே பதில் சொன்னாங்க: "உங்கப்பன் பல்லை ஒடச்ச சைக்கிள் கண்ணு அது."

அந்த சைக்கிளோட கதை இதுதான். 1996-ல எங்க மாமா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப, அங்க யாரோ வேண்டாம்னு தள்ளி விட்ட ஒரு மலை சைக்கிளைப் பிரிச்சு அட்டைப்பெட்டியில கட்டி எடுத்துட்டு வந்தார். வீடியோ டெக், டேப்ரிக்கார்டர்னு எதிர்பாத்துட்டு இருந்த ஒறம்பறைங்க எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டாங்க. நான் மட்டும் ஆடிப் போயிட்டேன். இரும்பு ஃப்ரேம், 26 இன்ச் சக்கரம், டிராக்டர் டயரு மாதிரி முள்ளு முள்ளா டயரு, பின்னால 7 பல்லு, முன்னால 3 பல்லு. ஸ்டிக்கரெல்லாம் உரிஞ்சு போயி என்ன கம்பெனின்னே தெரியாது.

அப்ப எங்க ஊர்ல ஹெர்குலிஸ் எம்டிபியோ ஹீரோ ரேஞ்சரோ வெச்சிருந்தாலே அவன் பெரிய ஆள். நாங்கெல்லாம் அய்யனோட கறுப்பு சைக்கிள்ல பாருக்குக் கீழ காலை விட்டு குரங்கு பெடல் அடிச்சுப் பழகுன கூட்டம். மகுடேசுவரர் கோயில் முன்னால அதை நிறுத்துனா, சாமி கும்பிட வந்தவங்களே ஒருக்கா நின்னு கியரைத் தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க.

ரெண்டு வருசம் நான் ஓட்டுனேன். 1998 ஆடி நோம்பிக்கு ரெண்டு நாள் முன்ன, தம்பி அதை எடுத்துட்டு காலிங்கராயன் வாய்க்கா மேட்டுல போனான். நாய் குறுக்கால வந்துச்சு. விழுந்தான். கீழ துவைக்கிற கல்லு. முன்பல்லு ரெண்டு போச்சு, இடது மணிக்கட்டு முறிஞ்சுது. அவனுக்கு வயசு 13.

வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை இவ்வளவுதான். "வேகமாப் போனான், விழுந்தான்." அய்யன் அன்னிக்கே சைக்கிளை அட்டாலியில ஏத்திட்டார்.

*

"எனக்கு இது வேணும் பெரீப்பா"ன்னு புள்ள நின்னுட்டா. 12 வயசு. எங்கப்பா சொன்னா கேப்பா, நாம சொன்னாக் கேக்க மாட்டாள்ங்கற வயசு. தம்பி "வேண்டாம்"னுதான் சொன்னான். அதுக்குள்ள அவ தொடச்சுக் கழுவி வாசல்ல நிறுத்திட்டா. சரி, பிரிச்சுப் பாக்கலாம்னு நானும் தம்பியும் உக்காந்தோம்.

சைக்கிள் பழசானா செயின், டயரு, பிரேக் கட்டை இதையெல்லாம் எல்லாரும் பாப்பாங்க. பாக்காம விடறது கழுத்தை. ஹேண்டில்பார்ல இருந்து முன் சக்கரம் வரைக்கும் மூணு சாமான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நிக்குது. கீழ ரெண்டு காலா பிரிஞ்சு சக்கரத்தைப் பிடிக்கிறது ஃபோர்க். அதோட தண்டுக் குழாய் ஃப்ரேமோட கழுத்துக்குள்ள ஏறி மேல எட்டிப் பாக்கும். கழுத்துக்கு மேலயும் கீழயும் கிண்ணம் மாதிரி கப்பு, உள்ள பால்ரஸ் குண்டு, கிரீஸ். இந்த செட்டுக்குத்தான் ஹெட்செட்டுன்னு பேரு (காதுல மாட்டுறது இல்லீங்க :-)). ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு '7' மாதிரி வளைஞ்சு தண்டுக் குழாய்க்குள்ள இறங்குறது ஸ்டெம்.

பழைய சைக்கிள்ல இந்த ஸ்டெம் எதைப் பிடிச்சுட்டு நிக்குதுன்னு நெனைக்கறீங்க? மரை கிடையாது. வெல்டிங் கிடையாது. அடியில சாய்வா வெட்டுன ஒரு ஆப்பு. மேல இருக்குற நீள போல்ட்டை முறுக்குனா ஆப்பு மேல ஏறி, குழாயோட உள்சுவத்துல இறுகிக்கும். அவ்வளவுதான். நாம மலையேறுனாலும் மார்க்கெட்டுப் போனாலும் அந்த ஆப்பை நம்பித்தான் திருப்புறோம்.

கழட்டுற முறை சுலபம்தான். போல்ட்டை நாலஞ்சு சுத்து தளர்த்தி, மேல ஒரு மரக்கட்டையை வெச்சு சுத்தியில ஒரு போடு போட்டா ஆப்பு கீழ இறங்கிரும். எங்களுது இறங்கல. அலுமினிய ஸ்டெம்மும் இரும்புக் குழாயும் இத்தனை வருசம் ஒட்டிக் கெடந்தா உப்புப் பூத்து ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெயை ஊத்தி ஊற வெச்சோம். சாயந்தரம் வெந்நியை ஊத்தி, முன் சக்கரத்தைக் கால்ல இடுக்கி, தம்பி ஒரு திருகு திருகுனான். 'கிரீச்'னு ஒரு சத்தம். வந்துருச்சு.

அடுத்து ஹெட்செட்டோட மேல் நட்டு. அது பாதி மரை வரைக்கும் வந்து சிக்கிக்கிச்சு. பெரிய ஸ்பேனரைப் போட்டுக் கழட்டிப் பாத்தா, மரை இருக்குற இடத்துல தண்டுக் குழாய் லேசா வயிறு தள்ளியிருக்கு. மரைப் பள்ளத்துல முடி மாதிரி ஒரு விரிசல்.

"இது எப்படிண்ணா இப்படி ஆகும்?"ன்னான் தம்பி. அவன் பவர் டில்லரையே பிரிச்சு மாட்டுறவன். இரும்பு சும்மா வீங்காதுன்னு அவனுக்குத் தெரியும்.

நான் பதில் சொல்லல. அவன் குழாயைத் தலைகீழாத் தட்டுனான். ஏதோ உள்ள கலகலன்னுச்சு. கம்பியை வளைச்சு விட்டு இழுத்தான். துருப்பிடிச்ச தகரச் சுருள் ஒண்ணு வந்துச்சு. ஒரு ஓரத்துல மட்டும் இன்னும் நீலப் பூவு ரெண்டு தெரியுது.

அம்மாவோட பவுடர் டப்பா.

*

இனி நெசமா நடந்தது.

1998-ல எனக்கு 17. தம்பிக்கு அந்த சைக்கிள் மேல உசுரு. ஆனா ஹேண்டில் எட்டாது. அந்தக் காலத்து மலை சைக்கிள் ஸ்டெம் நீளமா, தாழ்வா இருக்கும். ஓட்டுறவன் படுத்த மாதிரி குனியோணும். சின்னப் பையனுக்கு நெஞ்சு பாருல இடிக்கும். "ஹேண்டிலைத் தூக்கிக் குடுண்ணா"ன்னு தெனமும் நச்சரிப்பான். ஒரு அளவுக்கு மேல ஸ்டெம்மைத் தூக்கக் கூடாதுன்னு அதுலயே கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரைக்கும் தூக்கியும் பத்தல.

ஸ்டேசன் பக்கம் சைக்கிள் கடை வெச்சிருந்த ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவரோட பழைய சாமான் பெட்டியில ஒரு ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஸ்டெம் கெடந்துச்சு. குட்டையா, ஒசரமா, எனக்குத் தேவையான மாதிரியே இருந்துச்சு. மாட்டித் தரச் சொன்னேன். அவர் ரெண்டையும் கையில பிடிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தார்.

"கண்ணு, இது எளச்ச தண்டு, அது பெருத்த குழாய். சேராது. தகரம் சுத்தி மாட்டலாம்னு எவனாச்சும் சொன்னா நம்பீராத. நிக்கற மாதிரி நிக்கும். திருப்பற நேரத்துல கைய விட்ரும்."

தகரம் சுத்தலாம்ங்கற யோசனையே எனக்கு அவர் சொல்லித்தான் வந்துச்சு. என்ன சொல்ல!

வேற சைக்கிளுக்குன்னு பொய் சொல்லி அந்த ஸ்டெம்மை வாங்கிட்டு வந்தேன். எளச்ச தண்டு 22.2 மி.மீ., பெருத்த குழாயோட உள்வாய் 25.4 மி.மீ. வித்தியாசம் 3.2. பக்கத்துக்கு 1.6. இந்தக் கணக்கெல்லாம் இப்பத்தான் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது, பவுடர் டப்பாவை வெட்டி ஆறு சுத்து சுத்துனா இறுக்கமா இறங்குதுங்கறது மட்டுந்தான். ஆட்டிப் பாத்தேன், ஆடல. வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சேன், நல்லாப் போச்சு. "உனக்காகத்தான் தூக்கி வெச்சிருக்கேன், ஓட்டு"ன்னு தம்பிகிட்ட குடுத்தேன். அவன் மூஞ்சியில இருந்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. அப்ப அவனுக்கு முன்பல்லு ரெண்டும் இருந்துச்சு.

ஆறு சுத்து தகரம்ங்கறது ஒரே கெட்டிக் குழாய் கிடையாது. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குற ஆறு தோலு. மெதுவாத் திருப்புனா நிக்கும். வெடுக்குனு திருப்புனா சறுக்கும். நாயைப் பாத்து தம்பி ஹேண்டிலை வெடுக்குனு ஒடிச்சான். ஹேண்டில் திரும்புச்சு. சக்கரம் திரும்பல. நேராக் கல்லு மேல போச்சு.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன நேரத்துல நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சாளைக்குள்ள போயி அந்த ஸ்டெம்மை உருவி, தகரத்தோட வாய்க்கால்ல வீசிட்டு, சிங்கப்பூர் ஸ்டெம்மையே திரும்ப மாட்டி இறுக்கி வெச்சேன். உள் சுத்து ஒண்ணு நழுவிக் குழாய்க்குள்ளயே தங்கிருச்சுன்னு அப்ப கவனிக்கல.

மறுநாள் அய்யன் சைக்கிளைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார். தம்பி "ஹேண்டில் திரும்புச்சுங்கய்யா, சக்கரம் திரும்பல"ன்னு கட்டுப் போட்ட கையோட சொன்னான். அய்யன் ஹேண்டிலைத் திருப்புனார். சக்கரமும் ஒட்டுக்கா திரும்புச்சு. "சைக்கிள் நல்லாத்தான இருக்குது. விழுந்ததைவிட அதுக்கு நீ பொய் பேசறதுதான் எனக்கு வெசனமா இருக்குது"ன்னார்.

நான் தூணுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அய்யன் அவனுக்கு சைக்கிள் வாங்கித் தரவே இல்ல. நான் கோயமுத்தூருக்குக் காலேஜ் படிக்க வந்துட்டேன். அவன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கோடத்துக்கு நடந்தே போனான். பிளஸ் ஒன் பிள்ளைங்க எல்லாருக்கும் அரசாங்கம் இலவச சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சது 2005-06-ல. அதுக்குள்ள இவன் வெளிய வந்துட்டான். அய்யன் 2016-ல தவறிட்டார்.

*

தகரத்தைக் கையில வெச்சுட்டுத் தம்பி "இதென்னண்ணா?"ன்னு கேட்டப்ப, இவ்வளவையும் சொன்னேன். மேல எழுதுன மாதிரி கோர்வையா எல்லாம் வரல. முன்னும் பின்னுமா ஒளறுனேன்.

அவன் ரெண்டே கேள்விதான் கேட்டான்.

"ஹேண்டில் திரும்புச்சு, சக்கரம் திரும்பலன்னு நான் சொன்னேன்ல?"

"ஆமா."

"அய்யன் நம்பலைல்ல?"

"ஆமாடா."

தகரத்தை அங்கராக்குப் பையில போட்டுட்டு மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போயிட்டான். நான் கெளம்புற வரைக்கும் வரல. அந்த வாரம் முழுக்க போனும் இல்ல. நானும் பண்ணல. பண்ணி என்ன சொல்றது?

வெள்ளிக்கெழமை ராத்திரி வாட்ஸப்புல ஒரு போட்டோ வந்துச்சு. ஃப்ரேமோட கழுத்தை டீசல் போட்டுத் துடைச்சு, லேத்துப் பட்டறையில இருந்து வெர்னியர் வாங்கி அளந்திருக்கான். கீழ ஒரே வரி: "கப்பு உக்கார்ற எடம் 34 வருது. என்ன ஃபோர்க் வாங்கோணும்?"

அந்த வரியை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்ல.

*

இனி பட்டறை. பழைய மலை சைக்கிள் வெச்சிருக்கறவங்க இந்தப் பகுதியை நிதானமாப் படிங்க.

விரிசல் விட்ட ஃபோர்க்கைத் திரும்ப மாட்டக் கூடாது. வெல்டிங் வெச்சுத் தர்றேன்னு சொல்ல ஆள் இருக்காங்க. கேக்காதீங்க. அந்தக் குழாய் வீங்குனதுக்குக் காரணமும் நான்தான். ஸ்டெம்மை ரொம்ப ஒசரத் தூக்குனதால ஆப்பு மரை வெட்டுன பகுதியிலயே நின்னு இறுகிருச்சு. மரை வெட்டுன எடத்துல குழாயோட சுவரு மெலிசு. ஆப்பு எப்பவும் மரைக்குக் கீழ, கெட்டியான எடத்துல நிக்கோணும். அந்தக் கோட்டுக்கு மேல தூக்காதன்னு போட்டிருக்கறது இதுக்கும் சேத்துத்தான்.

புள்ளைக்கு ஷாக் வெச்ச ஃபோர்க்குதான் வேணும். "என்ர ஃபிரண்டு சைக்கிள்ல குலுங்குதுங் பெரீப்பா, அது மாதிரி." நானும் தேடுனேன். மூணு காரணத்தால வேண்டாம்னு முடிவு பண்ணுனோம்.

ஒண்ணு, நீளம். அச்சுல இருந்து கழுத்துக்குக் கீழ கப்பு உக்கார்ற எடம் வரைக்கும் அளந்தா எங்க பழைய ஃபோர்க் கிட்டத்தட்ட 40 செ.மீ. 100 மி.மீ. ஆட்டம் உள்ள ஷாக் ஃபோர்க் 47 பக்கம் வருது. முன்னாடி 7 செ.மீ. தூக்குனா சைக்கிள் பின்னால சாஞ்சு உக்காரும். தோராயமா 2 செ.மீ.க்கு ஒரு டிகிரி கழுத்து படுக்கும். மூணு டிகிரிக்கு மேல படுத்தா மெதுவாப் போறப்ப முன் சக்கரம் அக்கட்ட இக்கட்ட அலையும். அதோட, கழுத்தும் கீழ் பைப்பும் சேர்ற வெல்டிங்ல நெம்புகோல் போட்ட மாதிரி பாரம் ஏறும். அந்த ஃப்ரேமைக் கட்டுனவன் அதுக்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டான். ராக் ஷாக்ஸ் கம்பெனியே 1989-லதான் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால வரைஞ்ச ஃப்ரேம்கள் எல்லாம் ஆடாத ஃபோர்க்குக்குன்னு வரைஞ்சதுதான்.

ரெண்டு, தண்டுக் குழாய். இப்ப வர்ற நல்ல ஷாக் ஃபோர்க் பலதுல தண்டு மேல 28.6 மி.மீ., கீழ 38.1 மி.மீ.ன்னு பெருத்துட்டே போகும். எங்க கழுத்தோ மேலயும் கீழயும் 34. பருத்த அடிப்பாகம் உள்ளயே நுழையாது.

மூணு, பிரேக்கு. பழைய சைக்கிள் ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கு. அதுக்கு ஃபோர்க் கால்ல ரெண்டு முளை இருக்கோணும். டிஸ்க் பிரேக்குக்குன்னு செஞ்ச புது ஃபோர்க் பலதுல அந்த முளையே கிடையாது. வாங்கி வந்து பெட்டியைப் பிரிச்ச பொறவு தெரிஞ்சா அழுவாச்சிதான்.

கடைசியில, 26 இன்ச் சக்கரத்துக்கான, பிரேக் முளை வெச்ச, ஆடாத இரும்பு ஃபோர்க் ஒண்ணை இணையத்துல பிடிச்சோம். நீளம் பழசுக்கு ஒரு செ.மீ.க்குள்ளதான் வித்தியாசம். தண்டு 28.6, மரை இல்லாதது.

பழைய மரை ஃபோர்க் இருந்த ஃப்ரேம்ல மரை இல்லாதது மாட்டுமான்னு தம்பி கேட்டான். மாட்டும். கழுத்து 34-ஆ இருந்தா ரெண்டு வகை ஹெட்செட்டும் உக்காரும். 1990-களோட தொடக்கத்துல டயா-காம்ப் கம்பெனி 'அஹெட்செட்'னு கொண்டு வந்த முறை இது. ஆப்பு கிடையாது. ஸ்டெம் குழாய்க்குள்ள இறங்காம, வெளிய இருந்து வளையம் மாதிரி கட்டிப் பிடிக்கும். அது பிடிச்சிருக்கா இல்லையான்னு கண்ணாலயே பாக்கலாம். எனக்கு அதுதான் வேணும்.

அடுத்த ரெண்டு ஞாயித்துக்கிழமை சாளையில வேலை. நீளக் கம்பியை உள்ள விட்டுப் பழைய கப்பைச் சுத்தித் தட்டிக் கழட்டுனோம். பால்ரஸ் ஓடுற தடத்தைப் பாத்தா வரிசையாக் குழி. ஹேண்டிலை நேரா வெச்சா 'டக்'குனு ஒரு எடத்துல விழுற மாதிரி இருக்குமே, அது இந்தக் குழியாலதான். ஓவராயிலிங் பண்ணி கிரீஸ் வெச்சாலும் சரியாகாது, மாத்தித்தான் ஆகோணும். புதுக் கப்பை ஏத்த விலையுசந்த கருவி எல்லாம் தேவையில்ல. ஹார்டுவேர் கடையில முழு நீளமும் மரை வெட்டுன ராடு, ரெண்டு நட்டு, நாலு பெரிய வாசர். ரெண்டு பக்கமும் கோணாம முறுக்கிட்டே வந்தா கப்பு நேரா இறங்கிரும். சுத்தியில அடிச்சா கோணிக்கும். ஃபோர்க் அடியில உக்கார்ற வளையத்தைத் தட்டி இறக்க, தண்டுல நுழையற அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை லேத்துக்கார அண்ணன் வாய் சீவிக் குடுத்தார். காசு வாங்கல. "ஓடுனதும் ஒருக்கா கொண்டாந்து காட்டுங்க"ன்னார்.

ஸ்டெம் வாங்கறப்பவும் ஒரு கண்ணி இருக்கு. பழைய ஹேண்டில்பாரோட நடுப்பாகம் 25.4 மி.மீ. இப்ப கடையில இருக்கற ஸ்டெம் பெரும்பாலும் 31.8. "இடையில தகரம் வெச்சுக்கலாமே"ன்னு தம்பி சொன்னான். நான் நிமிந்து பாத்தேன். அவன் சிரிக்கல. ரெண்டு நொடி கழிச்சுத்தான் சிரிச்சான். பொய்ப்பல்லு ரெண்டும் தெரிய. அந்த மூணு வாரத்துல அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

(25.4-க்கே ஸ்டெம் தேடி வாங்குனோம். குட்டையா, மேல நிமிந்ததா. புள்ளைக்கு எட்டோணுமில்ல.)

தண்டை ஸ்டெம்மோட மேல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழ இருக்கற மாதிரி அறுத்து, உள்ள நட்சத்திரம் மாதிரி பல்லு வெச்ச நட்டை இறக்கி, மேல மூடி போட்டோம். பலபேரு தப்புப் பண்றது இங்கதான். மேல் மூடி போல்ட்டு ஸ்டெம்மைப் பிடிக்கிறது இல்ல. அது பால்ரஸ்ஸுக்கு அளவா அழுத்தம் குடுக்க மட்டுந்தான். ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்டைத் தளர்வா வெச்சுட்டு முதல்ல மூடியை முறுக்கோணும். முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுனா கழுத்துல 'டக் டக்'னு அடிக்கக் கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கி சைக்கிளை லேசாச் சாய்ச்சா ஹேண்டில் தன் பாரத்துலயே திரும்பிப் போகோணும். இது ரெண்டும் சரியா வந்த பொறவு சக்கரத்துக்கு நேரா ஸ்டெம்மை வெச்சுப் பக்கவாட்டு போல்ட்டை இறுக்கோணும். மாத்திச் செஞ்சா ஒண்ணு லூசு, இல்லைன்னா டைட்டு. லூசா இருந்தா குண்டு குழியடிக்கும், டைட்டா இருந்தா சைக்கிள் நேரா ஓடாது.

இதெல்லாம் நானாக் கண்டுபிடிச்சது இல்லீங்க. ஷெல்டன் பிரவுன்னு அமெரிக்காவுல, மசாசூசெட்ஸ் மாகாணத்துல, சைக்கிள் கடையில இருந்த ஒரு மனுசன் எழுதி வெச்சதுல படிச்சதுதான் பாதி. 2008-ல தவறிட்டார். எந்தத் தண்டு எந்தக் குழாய்க்குச் சேரும்னு பக்கம் பக்கமா அளவு எழுதி வெச்சிருக்கார். மிச்சப் பாதி, ஸ்டேசன் பக்கத்துப் பெரியவர் ஒரே வாக்கியத்துல சொன்னது. அதைக் கேட்டிருந்தா இந்தப் பதிவுக்கே வேலையில்ல.

வேலைக்கு நடுவுல புள்ளைக்கு ஒரு கதை சொன்னேன். மலை சைக்கிளே இப்படிப் பழசுல இருந்து வந்ததுதான் கண்ணு. கலிபோர்னியாவுல மரின் கவுண்டின்னு ஒரு எடம். 1970-கள்ல அங்க சில பசங்க 1930, 40-கள்ல செஞ்ச பழைய குண்டு டயரு சைக்கிளை எடுத்துட்டு மலைத்தடத்துல கீழ விடுவாங்க. 1976-ல அதையே பந்தயமா நடத்துனாங்க. பின்னால மிதிச்சா பிடிக்கிற பிரேக்கு. கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்புல இருக்கற கிரீஸ் புகைஞ்சு போயிரும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சு கிரீஸ் வெக்கோணும். அதனால அந்தத் தடத்துக்கே 'ரீபேக்'னு பேரு. நம்மூர்ல சொன்னா ஓவராயிலிங் ரோடு. பழைய ஃப்ரேம் ஒடைஞ்சு ஒடைஞ்சுதான், 1977-78-ல ஜோ பிரீஸ்ங்கறவர் இதுக்குன்னே புது ஃப்ரேம் கட்டுனார்.

"அவங்களும் தகரம் சுத்துனாங்களாங் பெரீப்பா?"

புள்ளைக்கு யாரு சொன்னதுன்னு தம்பியைப் பாத்தேன். அவன் கிரீஸ் டப்பாவைப் பாத்துட்டிருந்தான்.

*

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பொழுதோட முடிஞ்சுது. புள்ள செருப்பைப் போட்டுட்டு ஏறப் போனா. "இரு"ன்னான் தம்பி.

சைக்கிளுக்கு முன்னால போயி நின்னு, முன் சக்கரத்தை ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டான். ஹேண்டில்பாரை ரெண்டு கையிலயும் பிடிச்சான். இடது மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான், அன்னிக்கு முறிஞ்ச எடம். பல்லைக் கடிச்சுட்டு, முழு பலத்தையும் போட்டு வலப்பக்கம் ஒரு திருகு. இடப்பக்கம் ஒரு திருகு. தண்ணி கட்டி மம்முட்டி பிடிச்ச கை. கழுத்து நரம்பு பொடைக்குது. ஸ்டெம் அசையல.

இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிசங்கூட ஆகாது. 1998-ல நான் இதைப் பண்ணியிருந்தா தகரம் அப்பவே சறுக்கியிருக்கும்.

இன்னொருக்கா திருகிப் பாத்தான். பொறவு விட்டான்.

"ம்... செரி. கோயில் வரைக்கும் போயிட்டு வா. ஆத்துப் படித்துறைப் பக்கம் போகாத."

புள்ள போயிட்டா. நாங்க ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ஸ்பேனரைத் துடைச்சுட்டு இருந்தோம். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் அவன் உள்ள போயி அந்தத் தகரத்தைக் கொண்டு வந்தான். நான் வாங்கக் கை நீட்டுனேன். அவன் குடுக்கல. அய்யன் போட்டோவுக்குக் கீழ இருக்கற மாடத்துல, திருநீறுக் கிண்ணத்துக்குப் பக்கத்துல வெச்சான்.

"இருக்கட்டும்ண்ணா. அவரும் பாக்கட்டும்."

கொசுறு: உங்க வீட்டு சைக்கிளை இன்னிக்கு சாயந்தரமே வெளிய எடுங்க. சக்கரத்தை முட்டியில இடுக்கி ஹேண்டிலைத் திருகிப் பாருங்க. அசைஞ்சா புள்ளைங்க கையில குடுக்காதீங்க.